தவமணி வீட்டில் இருந்தார்

மார்ச் 3, திங்கள்

வந்துவிட்டார்கள். மூன்றே முக்கால் வருஷம் கழித்து இந்த வாசலில் மறுபடி போலீஸ்.

காக்கிச் சட்டை இல்லை. வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். முடிவெட்டையும் ஷூவையும் பார்த்தால் தெரியாதா? எந்த வேஷத்தில் வந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். நாற்பத்தெட்டுப் படி ஏறி வந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது. வாங்கட்டும் என்று நின்றேன். நாற்காலி போடவில்லை. சுகாதான் உள்ளேயிருந்து ஓடிவந்து போட்டாள்.

தனிப்பிரிவு ஏட்டு ஜோதிபாசு என்று சொன்னார். என் மகள் சுகப்பிரியா போலீஸ் வேலைக்குத் தேர்வாகியிருக்கிறாளே, அதற்கு விசாரணையாம். எழுதியாயிற்று, ஓடியாயிற்று, பந்து எறிந்தாயிற்று, டாக்டரும் பார்த்தாயிற்று. குடும்பம் எப்படி என்று இவர் எழுதிக் கொடுத்துவிட்டால் ஏப்ரல் ஏழாம் தேதி பயிற்சிக்குப் போகலாம். என் வயிற்றில் பிறந்தது போலீஸ். எழுதும்போதே கை கூசுகிறது.

"அப்பா பேரு?"

"தவமணி."

"என்ன தொழில்?"

"செத்துப்போயிட்டாரு."

"அது தொழில் இல்லம்மா."

"உங்க ஆளுகளுக்குப் புடிச்ச மாதிரி அவரு செஞ்சது அது ஒண்ணுதான். அதான் சொன்னேன்."

சுகா என்னை முறைத்தாள். அவர் கோபப்படவில்லை. எப்போது, எங்கே என்று கேட்டார். 2022 ஆகஸ்ட் 17, கேரளத்தில், நெடுங்கண்டம் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில், நெஞ்சுவலி என்றேன். எழுதிக்கொண்டு போனார். சுகா கொடுத்த டீயைக் குடித்துவிட்டுத்தான் போனார்.

என் வீட்டுக்காரர் இளவட்டத்தில் ஒருத்தன் கையை வெட்டிவிட்டுப் பதினான்கு மாசம் உள்ளே இருந்தவர். அதை நான் மறைக்கமாட்டேன். வெளியே வந்து கேஸ் அடுப்பும் மிக்ஸியும் ரிப்பேர் பார்த்துப் பிழைத்தார். அதன் பிறகு அவர்மேல் ஒரு வழக்கு கிடையாது. ஆனால் திருவிழா வந்தால் பிடிப்பார்கள், தேர்தல் வந்தால் பிடிப்பார்கள், மந்திரி வந்தால் பிடிப்பார்கள். அப்போது ஒரு வக்கீல் சொன்னார்: "யாரு வந்தா, எத்தனை மணிக்கு, என்ன பேசுனான்னு தேதி போட்டு எழுதி வைங்கம்மா." அன்றிலிருந்து எழுதுகிறேன். உரக்கடையில் வருஷா வருஷம் கொடுக்கும் டைரிதான். பீரோவில் பதினாறு இருக்கிறது.

மார்ச் 4, செவ்வாய்

நான் வேலை பார்க்கும் ஏலக்காய் குடோனில் இன்று பச்சைக் காய். வெடித்ததையும் வெளுத்ததையும் பொறுக்கிப் பொறுக்கி விரல் நுனி எரிகிறது. சுகா விடிகாலையில் எழுந்து கரட்டுக் குன்றைச் சுற்றி ஓடிவிட்டு வந்தாள்.

மார்ச் 6, வியாழன்

குடோனில் இருக்கும்போது ஜோதிபாசு போன் பண்ணினார். கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். ஒரு தடவை கேட்டுப் புரியவில்லை. மறுபடி சொல்லச் சொன்னேன்.

"ஸ்டேஷன் ரெக்கார்டுல உங்க வீட்டுக்காரரு உசுரோட இருக்காரும்மா. ரவுடி லிஸ்ட்ல இருக்கறவங்கள வாரா வாரம் புதன்கிழமை வீட்ல போய்ப் பாத்து எழுதணும். நேத்து சாயங்காலம் ஆறு மணிக்குக்கூட வீட்ல இருந்ததா எழுதியிருக்கு."

நேற்று சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டில் நான் துவையல் அரைத்துக்கொண்டிருந்தேன். சுகா துணி மடித்துக்கொண்டிருந்தாள். வேறு யாரும் இல்லை.

இது சிரிக்கிற விஷயம் இல்லை என்று அவரே சொன்னார். விண்ணப்பத்தில் சுகா, 'தந்தை காலமானார்' என்று எழுதியிருக்கிறாள். ஸ்டேஷன் நோட்டில் தந்தை உயிரோடு இருக்கிறார். அப்படியானால் சுகா பொய் எழுதியிருக்கிறாள். அப்பன் ரவுடி என்றால்கூடத் தப்பித்துவிடலாமாம், அப்பன் செய்ததற்கு மகள் பொறுப்பில்லை. விண்ணப்பத்தில் பொய் எழுதினால் வேலை கிடையாது. இந்த மாசம் இருபத்தெட்டாம் தேதிக்குள் சரிசெய்ய வேண்டும்.

குடோனில் எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். ஒன்றுமில்லை என்று உட்கார்ந்து காய் பொறுக்கினேன். நல்ல காயையும் வெடித்த காயோடு போட்டுவிட்டேனாம், கணக்குப்பிள்ளை வைதார்.

மார்ச் 7, வெள்ளி

வெள்ளக்கரடு ஸ்டேஷனுக்குப் போனேன். வாசல் வேப்பமரத்தடியில் எத்தனை நாள் நின்றிருக்கிறேன். மரம் பெருத்திருக்கிறது.

புதன்கிழமை நோட்டு எழுதுகிறவர் ஏட்டு சௌந்தரபாண்டி. நாலு வருஷமாக இங்கேதான் இருக்கிறார். நான் அந்த முகத்தை இன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். அவரும் என்னைப் பார்த்தது இல்லை. வாரா வாரம் என் வீட்டுக்கு வந்துபோகிற மனுஷன், "யாரும்மா நீ, என்னா வேணும்?" என்று கேட்டார்.

"தவமணி சம்சாரம், வீருசின்னு" என்றேன்.

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. பேனாவை மூடினார், திறந்தார். இறப்புச் சான்றிதழை நீட்டினேன். வாங்கவில்லை, எட்டிப் பார்த்தார்.

"இது மலையாளச் சீட்டு."

"கீழ இங்கிலீஷும் இருக்கு, ஏட்டையா."

"கேரளாவுல நூறு தவமணி இருப்பான். இது எந்தத் தவமணின்னு எனக்கு எப்படித் தெரியும்? உன் ரேஷன் கார்டைக் காட்டு."

பையில் இருந்தது, கொடுத்தேன். அதில் அவர் பெயர் இருக்கிறது. நீக்க மறந்துவிட்டேன். நீக்குவதற்கு ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுப் போய் நிற்க வேண்டும், யாருக்கு நேரம் இருக்கிறது.

"பாத்தியா? கவருமெண்டு கார்டுல உசுரோட இருக்கான். நெத்தியில பொட்டு வேற வச்சிருக்க. செத்துட்டான்னு சொன்னா எப்படி நம்புறது?"

"பொட்டு என் நெத்தியில இருக்கு. அதுக்கும் ரெக்கார்டு போடுவீங்களா? முந்தாநாள் ஆறு மணிக்கு என் வீட்டுக்கு வந்தீங்களே, எத்தனை படி ஏறுனீங்க, சொல்லுங்க பாப்போம்."

 வெளியே போய் உட்காரு என்றார். வேப்பமரத்தடியில் சாயங்காலம் வரை உட்கார்ந்தேன். யாரும் கூப்பிடவில்லை. வெட்கம் கெட்டவர்கள். செத்த மனுஷனைக்கூட விடமாட்டேன் என்கிறார்கள்.

மார்ச் 9, ஞாயிறு

இவர்களில் யாருக்கு மேலே யார் என்று சுகாவிடம் கேட்டேன். காலண்டர் தாளின் பின்பக்கம் ஏணி மாதிரி வரைந்து காட்டினாள். பரீட்சைக்குப் படித்தது எல்லாம் வாயில் இருக்கிறது. அடியில் கான்ஸ்டபிள், அதற்கு மேல் ஏட்டு, எஸ்.ஐ., இன்ஸ்பெக்டர். நாலைந்து ஸ்டேஷனுக்கு ஒரு டி.எஸ்.பி. மாவட்டத்துக்கு ஒரு எஸ்.பி. அதற்கு மேலே டி.ஐ.ஜி., ஐ.ஜி., எல்லாருக்கும் மேலே டி.ஜி.பி. தனிப்பிரிவு மட்டும் பக்கவாட்டில் ஒரு கோடு. ஜோதிபாசு மாதிரி ஆட்கள் ஸ்டேஷனிலேயே உட்கார்ந்திருந்தாலும் அங்கே நடப்பதை நேரே எஸ்.பி. ஆபீசுக்கு எழுதுகிறவர்களாம்.

"அப்ப போலீஸ்காரனையே வேவு பாக்க ஒரு போலீஸ்காரனா?"

"ஆமாம்மா."

"வெளங்கிரும்."

நான் ஏணியின் அடியில் இன்னொரு கட்டம் போட்டு நாம் என்று எழுதினேன். அவள் சிரிக்கவில்லை.

இந்த வேலை எதற்கடி உனக்கு என்று நூறாவது தடவையாகக் கேட்டேன். "சின்னப் புள்ளையில உன்கூட ஸ்டேஷன் வாசல்ல நின்னு நின்னு பாத்துட்டேன். உள்ள போய் உக்காரணும்" என்றாள். அதற்கு மேல் என்ன சொல்வது, போய் உலை வைத்தேன்.

மார்ச் 12, புதன்

ஏணியில் மாவட்டத்து உச்சியைப் பிடித்துவிடலாம் என்று எஸ்.பி. ஆபீசுக்குப் போனேன். புதன்கிழமை மனு வாங்குகிற நாள். எண்பது பேர் வரிசையில். தண்ணீர் கொடுத்தார்கள், ஃபேன் ஓடியது.

எஸ்.பி. சின்ன வயசுக்காரர். வாங்கம்மா, உட்காருங்கம்மா என்றார். சான்றிதழையும் மனுவையும் கடைசிவரை படித்தார்.  "ஏழு நாள்ல பதில் வரும்மா" என்று சொல்லி, பச்சை மையில் ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பொய் சொல்வானேன், பஸ்ஸில் வரும்போது மனசு கொஞ்சம் இளகித்தான் இருந்தது. மேலே இருக்கிறவர்கள் நல்லவர்கள், கீழே இருப்பதுகள்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டேன். சுகாவுக்கு அரைக் கிலோ திராட்சை வாங்கினேன்.

மார்ச் 13, வியாழன்

நேற்றும் ஆறு மணிக்குத் தவமணி வீட்டில் இருந்தாராம். நான் எஸ்.பி. ஆபீசிலிருந்து திரும்பும் பஸ்ஸில் இருந்தேன். ஜோதிபாசு சொன்னார்.

மார்ச் 18, செவ்வாய்

மனு விசாரணைக்கு வரச் சொல்லி ஸ்டேஷனிலிருந்து போன். யார் விசாரிக்கிறார்கள் என்று போய்ப் பார்த்தால் சௌந்தரபாண்டி. என் மனு அவர் மேஜையில் இருக்கிறது.

எஸ்.பி. பச்சை மையில் டி.எஸ்.பி.க்கு எழுதியிருக்கிறார். டி.எஸ்.பி. சிவப்பு மையில் இன்ஸ்பெக்டருக்கு எழுதியிருக்கிறார். இன்ஸ்பெக்டர் எஸ்.ஐ.க்கு, எஸ்.ஐ. ஏட்டுக்கு. ஒவ்வொருத்தரும் 'விசாரித்து அறிக்கை தரவும்' என்று எழுதிக் கீழே தள்ளிவிட, யார்மேல் புகார் கொடுத்தேனோ அவர் கையிலேயே வந்து விழுந்திருக்கிறது. ஆறு நாளில் வந்துவிட்டது, அந்த வேகத்தை மெச்சத்தான் வேண்டும்.

"உன் கணவர் கடைசியா எப்ப வீட்ல இருந்தாரு?" என்று கேட்டார். பேனாவைப் பிடித்தபடி, என்னமோ இப்போதுதான் கேள்விப்படுகிற மாதிரி.

"உங்களுக்குத்தான தெரியும்" என்றேன்.

சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். அடுத்த மாசம் அவருக்குப் பதவி உயர்வு லிஸ்ட் வருகிறது. இந்த நோட்டு பொய் என்று ஆகிவிட்டால் குற்றச்சாட்டு மெமோ கொடுப்பார்கள், லிஸ்டில் பெயர் அடிபடும். "பத்தொன்பது ரவுடிக்கு நான் ஒருத்தன். பாரா, கோர்ட்டு, சம்மன், பந்தோபஸ்து எல்லாத்துக்கும் நான்தான். புதன்கிழமை ஆறு மணிக்குப் பத்தொன்பது வீட்லயும் எப்படிம்மா நிக்கிறது?"

"அதுக்கு நிக்கலைன்னு எழுதியிருக்கலாம்ல?"

"அப்படி எழுதுறதுக்கு நோட்டுல எடம் இல்ல."

நிஜமாகவே அப்படித்தான் சொன்னார்.

மார்ச் 20, வியாழன்

இன்ஸ்பெக்டர் மங்கையர்க்கரசி கூப்பிட்டு அனுப்பினார். நான் டைரிகளில் கடைசி ஐந்தை மஞ்சள்பையில் போட்டு எடுத்துப் போனேன். 2021 ஜூன் 24 அன்று இரண்டு பேர் வந்தது, அதற்கப்புறம் இந்த மார்ச் வரை ஒருத்தரும் வராதது, எல்லாம் தேதி போட்டு இருக்கிறது.

ஒரு பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடினார். "இது உங்க நோட்டும்மா. நீங்க எழுதுனது. அது அரசாங்க நோட்டு."

"அதுவும் ஒரு ஆளு எழுதுனதுதானம்மா?"

"மாசா மாசம் நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். எனக்கு முன்னாடி இருந்தவங்க போட்டிருக்காங்க. டி.எஸ்.பி. தணிக்கையில பாத்திருக்காரு." அவர் அதட்டவில்லை. கணக்கு டீச்சர் விளக்குகிற மாதிரித்தான் சொன்னார். "உங்க மகள் வேலை போகக்கூடாது. எங்க ஆளு வேலையும் போகக்கூடாது. ரெண்டுக்கும் வழி இருக்கு."

வழி இதுதான். நான் ஒரு வாக்குமூலம் எழுதித் தர வேண்டும். தவமணி போன வாரம் வரை என்னோடுதான் இருந்தார். திடீரென்று வீட்டைவிட்டுப் போய்விட்டார், இருக்கிற இடம் தெரியவில்லை. அவர்மேல் இருந்த கோபத்தில், ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்த மகளிடம் அப்பா செத்துவிட்டார் என்று பொய் சொல்லிவிட்டேன். மகள் அதை நம்பி விண்ணப்பத்தில் எழுதிவிட்டாள். ஆகவே மகள்மேல் குற்றமில்லை.

"லீவுக்கு அவ வீட்டுக்கு வந்தப்பல்லாம் இவரு எங்க இருந்தாராம்? பீரோவுக்குள்ளயா?"

"அதெல்லாம் யாரும் கேக்கமாட்டாங்க. ஒரு பேப்பரோட இன்னொரு பேப்பர் ஒத்துப்போகணும், அவ்வளவுதான்."

நான் எழுந்தேன். அப்போதுதான் அவர் அந்த நோட்டை என் பக்கம் தள்ளினார். பார்த்துக்கொள்ளுங்கள், இதற்குத் தகுந்தமாதிரி எழுத வேண்டும் என்றார்.

பார்த்தேன். எல்லாம் ஒரே கையெழுத்து, அழகான கையெழுத்து.

'14.9.2022. மாலை 6.00. தவமணி வீட்டில் இருந்தார். நடவடிக்கையில் குறை இல்லை.'

'26.10.2022. மாலை 6.00. தவமணி வீட்டில் இருந்தார். மிக்ஸி பழுது பார்த்துக்கொண்டிருந்தார்.'

பின்னோக்கிப் புரட்டினேன். 17.8.2022 அன்றும் வீட்டில் இருந்தார். அன்றைக்கு ஆறு மணிக்கு நானும் என் தம்பியும் நெடுங்கண்டம் ஆஸ்பத்திரி வாசலில் நின்றோம். இன்னும் பின்னால் போனேன்.

'3.11.2021. மாலை 6.00. தவமணி வீட்டில் இருந்தார். தீபாவளிக்கு மனைவி மகளுடன் இருந்தார்.'

அதற்கு மேல் படிக்கவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். டைரிப் பையை அங்கேயே மறந்து வைத்துவிட்டுப் பாதி வழியில் திரும்பப் போய் எடுத்துவந்தேன்.

மார்ச் 21, வெள்ளி

காலையில் ஜோதிபாசு படிக்கட்டுக்குக் கீழே நின்றார். மேலே வந்து பேச வேண்டாம் என்று நினைத்தார் போல.

"உள்ளதை எழுதச் சொன்னா எழுதுறேம்மா. என் ரிப்போர்ட்டு நேரா எஸ்.பி.க்குப் போகும். நாலு வருஷ நோட்டையும் விசாரிக்கணும், நாலு இன்ஸ்பெக்டரைக் கேக்கணும். ஒரு வருஷம் ஆகும். அதுவரைக்கும் பாப்பா ஃபைலு நிக்கும். இந்த பேட்ச் போயிரும். அடுத்த தடவை வயசு எப்படி இருக்கோ, பாத்துக்கங்க."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் ரிப்போர்ட்டு எழுதுறவன். யோசனை சொல்றவன் இல்ல."

சுகாவிடம் இன்ஸ்பெக்டர் கேட்டதைச் சொன்னேன். குதிப்பாள் என்று நினைத்தேன்.  தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்.

"அம்மா, அப்பா நெசமாவே செத்துட்டாராம்மா?"

 அவள் கேட்டதில் தப்பு இல்லை. அவள் அப்போது ஹாஸ்டலில் இருந்தாள். செமஸ்டர் பரீட்சை. எல்லாம் முடித்துப் பத்து நாள் கழித்துத்தான் அவளிடம் சொன்னேன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை, சாம்பலைப் பார்க்கவில்லை. என் வாய்ச்சொல்லைத் தவிர அவளிடம் ஒன்றும் இல்லை.

ஏன் அங்கேயே எரித்தேன் என்று கேட்டாள். இந்த டைரியில் நான் எழுதாத ஒன்றை அவளிடம் சொன்னேன். இனி எழுதினால் என்ன.

2021 ஜூன் 24 அன்று அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள், எங்கோ திருட்டு என்று. மறுநாள் விட்டார்கள். வந்து சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். நான் சொன்னேன்: "நீங்க இங்க இருக்குற வரைக்கும் இவய்ங்க வந்துக்கிட்டேதான் இருப்பாய்ங்க. புள்ள காலேஜுக்குப் போகணும். எங்கிட்டாச்சும் போயிருங்க. செத்துட்டீங்கன்னு நாங்க நெனச்சுக்கிறோம்." அவர் அந்தச் சட்டையையே திரும்பப் போட்டுக்கொண்டார்.

அந்த வருஷம் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் போன் பண்ணினார். ஒரே ஒரு நாள் வந்துவிட்டுப் போகட்டுமா என்று கேட்டார். பண்டிகை நேரம், பிடித்துவிடுவார்கள், வரவேண்டாம் என்றேன். சரி என்றார். செத்த பிறகு இங்கே கொண்டுவந்தால் அதற்கும் வந்து நிற்பார்கள் என்றுதான் அங்கேயே முடித்தேன். இதுதான் நடந்தது. போலீஸ்காரர்களை நான் வைகிறேன், ஆனால் அவரைத் துரத்தியது நான்.

அவருடைய ஸ்குரூடிரைவர் பையை எடுத்துக் காட்டினேன். தோட்டத்தில் இருந்து தம்பி வாங்கிவந்தது. சுகா அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். சோறு காய்ந்துவிட்டது.

பிறகு சொன்னாள்: "எழுதுறதும் எழுதாததும் உன் இஷ்டம்மா. வேலைக்காக எழுதுன்னு நான் சொல்லமாட்டேன்." எழுதாதே என்றும் சொல்லவில்லை. வேலை வேண்டும் என்று அவளுக்கு இருக்கிறது. இருக்காதா பின்னே?

மார்ச் 22, சனி

எழுதிக் கொடுத்துவிட்டேன். இன்ஸ்பெக்டர் சொல்லச் சொல்ல என் கையால். 'அவர் மீதிருந்த கோபத்தால் இறந்துவிட்டதாகக் கூறினேன்' என்கிற வரி வந்தபோது கை நின்றது. பொய் வாக்குமூலத்தில் அந்த ஒரு வரி மட்டும் முக்கால்வாசி உண்மை. என்னம்மா என்றார் இன்ஸ்பெக்டர். மை வரவில்லை என்றேன். வேறு பேனா கொடுத்தார்.

சான்றிதழ் வேறு யாரோ ஒரு தவமணியுடையதாம். மனுவையும் வாபஸ் வாங்கிக்கொண்டேன். சௌந்தரபாண்டி டீ வாங்கிவந்து வைத்தார். குடிக்கவில்லை.

இன்று வெளுத்த காய் நிறைய. முதுகு வலி.

மார்ச் 29, சனி

சுகா பெயர் வந்துவிட்டது. அவள் சந்தோஷத்தைப் பார்த்து எனக்கும் சந்தோஷம், எரிச்சல், எல்லாம்.

ஏப்ரல் 7, திங்கள்

பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். முடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாள். அப்பாவின் ஸ்குரூடிரைவர் ஒன்றைப் பெட்டியில் வைத்துக்கொண்டாள், எதற்கென்று கேட்கவில்லை. வீடு வெறிச்சென்று கிடக்கிறது. ரேஷன் கடையில் மூன்று பேர் கார்டுக்குத்தான் இன்னமும் அரிசி போடுகிறார்கள்.

ஏப்ரல் 9, புதன்

சாயங்காலம் அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது படியில் யாரோ ஏறுகிற சத்தம். பாதியில் நிற்கிறது, மறுபடி ஏறுகிறது, மறுபடி நிற்கிறது. எட்டிப் பார்த்தேன். சௌந்தரபாண்டி. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சட்டை முதுகோடு ஒட்டிப்போய், நாற்பத்தெட்டாவது படியில் வந்து நின்றார். மணி சரியாக ஆறு.

"என்ன ஏட்டையா, வழி தெரிஞ்சிருச்சா?"

பேச மூச்சு இல்லை. போனை எடுத்து என் வாசலைப் போட்டோ பிடித்தார். விஷயம் இதுதான். வீட்டில் இருக்கிற ரவுடியை வாரா வாரம் நோட்டில் எழுதினால் போதும். இருக்கிற இடம் தெரியாத ரவுடி வேறு லிஸ்டில் போய்விடுவானாம். அந்த லிஸ்டை எஸ்.பி.யே மாசா மாசம் பார்ப்பார். வீட்டுக்குப் போய் விசாரித்து, இடமும் நேரமும் விழுகிற மாதிரி போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். ஆள் கிடைக்கும்வரை ஒவ்வொரு புதனும்.

"கெடைக்கவே மாட்டானேம்மா" என்றார் பரிதாபமாக. "பணி ஓய்வு வரைக்கும் நான் இந்தப் படிய ஏறணுமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. செத்த மனுஷனை இரண்டரை வருஷமாக உயிரோடு வைத்திருந்தார்களே, தேடட்டும். மலைமெட்டுக்கு மேலே ஏறிப் பார்க்கச் சொன்னேன். பழைய பஸ் ஸ்டாண்டில் அடுப்பு ரிப்பேர் கடைகளில் விசாரிக்கச் சொன்னேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். வேறு வழியில்லை அவருக்கு, நான் சொன்னால் எழுதித்தான் ஆக வேண்டும்.

உள்ளே போய் நாற்காலியை எடுத்து வந்து போட்டேன். தண்ணீரும் கொடுத்தேன். உட்கார்ந்து அச்சடித்த தாள் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார். கடைசியாகப் போன் பண்ணினாரா, யாரோடு பழக்கம், என்ன உடை உடுத்தியிருந்தார். கொடியில் போட்டுத் திரும்ப எடுத்த நீலக் கட்டம் போட்ட சட்டை என்றேன்.

கடைசிக் கேள்வியைத் தாளைப் பார்த்தபடி படித்தார்.

"திரும்பி வந்தா வீட்ல சேத்துக்குவீங்களா?"

குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. எழுந்து போகவில்லை.

"சேத்துக்குவேன்னு எழுதுங்க."

எழுதினார்.

"பண்டிகை நாளா இருந்தாலும் வரலாம்னு எழுதுங்க."

அதற்குத் தாளில் இடம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓரத்தில் நெருக்கி எழுதினார். ஒரு தடவை படித்துக் காட்டச் சொன்னேன். படித்தார்.